மலையில் வெயில் ஏறினால் மண்டியில் விலை ஏறும்

சித்திரையும் வைகாசியும் வந்துவிட்டால் பீன்ஸ் விற்கிற கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்காத நாள் இல்லை. "போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் அதற்கு இரண்டு மடங்கு, இது என்ன அநியாயம்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கடைக்காரர் நயினார்குளம் சந்தைக்கு வந்து மொத்த வியாபாரியிடம் அதே கேள்வியைக் கேட்கிறார். மொத்த வியாபாரியோ, "வரத்து இல்லை" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார். வரத்து ஏன் இல்லை என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. கடைசியில், வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து பதுக்குகிறார்கள் என்ற பழிதான் மிச்சம்.

பீன்ஸைப் பதுக்கவே முடியாது என்பது நமக்குத் தெரியும். மூன்றாம் நாள் வாடும், நான்காம் நாள் கறுக்கும் சரக்கை எவர் பதுக்குவார்? ஆனால் இதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமானால் காரணம் நமக்கே தெரிந்திருக்க வேண்டும். வியாபாரிக்கு எதற்கு விவசாயப் பாடம் என்று சிலர் கேட்கலாம். துணிக்கடைக்காரருக்கு நூல் தெரிய வேண்டும், நகைக்கடைக்காரருக்கு மாற்றுத் தெரிய வேண்டும் என்றால், காய்கறியும் பயறும் விற்கிற நமக்கு அது விளைகிற விதம் தெரியத்தான் வேண்டும். நமது லாபமும் நஷ்டமும் மலையின் வெப்பமானியில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

பீன்ஸ் குளிர்ச்சி தேடும் பயிர்

பீன்ஸ் நமது மண்ணின் பயிர் அல்ல. அதன் பிறப்பிடம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சாரலும் ஆகும். வெள்ளைக்காரர்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குடியேறி, தங்கள் நாட்டுக் காய்களை அங்கே பயிரிட்ட காலத்திலிருந்துதான் இவையெல்லாம் நம் பக்கம் "இங்கிலீஷ் காய்" என்ற பெயரில் வரத் தொடங்கின. இன்றைக்கும் நம் சந்தையில் நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்று பிரித்துத்தான் பேசுகிறோம். இந்தப் பிரிவினையின் அடிப்படை வெப்பம்தான்.

பீன்ஸ் செடிக்கு மிகவும் ஏற்றது 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பம். 10 டிகிரிக்குக் கீழே போனால் விதை முளைக்காமல் மண்ணிலேயே அழுகும். மண்ணின் சூடு 15 டிகிரி இருந்தால் முளை வெளியே தலைகாட்ட ஏறத்தாழ 16 நாள் ஆகும். அதுவே 25 டிகிரி என்றால் 8 நாளில் முளைத்துவிடும். ஆகவே ஓரளவு சூடு செடி வளர்வதற்கு நல்லதுதான். சங்கடம் பூக்கும் பருவத்தில் வருகிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூவிலுள்ள மகரந்தம் மலடாகிப் போகிறது. பூ பூக்கும், ஆனால் காய் பிடிக்காது. காம்போடு உதிர்ந்துவிடும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரவு வெப்பம். பகலில் சற்றே வெயில் அடித்தாலும், இரவு குளிர்ந்தால் செடி தன்னைத் தேற்றிக்கொள்ளும். இரவிலும் 20 டிகிரிக்கு மேல் புழுக்கம் நீடித்தால், பூ மலர்வதற்குப் பத்து நாள் முன்பே மொட்டுக்குள் மகரந்தம் கெடத் தொடங்கிவிடுகிறது. தோட்டத்தைப் பார்த்தால் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். காயைத் தேடினால் கிடைக்காது. நம் திருநெல்வேலியில் கோடையில் இரவில்கூட 25 டிகிரிக்குக் குறைவதில்லை. மார்கழியிலும் 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு பாய்ந்தாலும் இங்கே பீன்ஸ் வியாபாரச் சரக்காக விளையாததன் காரணம் இதுதான்.

அப்படியானால் நம் மாவட்டத்து மலையிலேயே பயிரிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அம்பாசமுத்திரத்துக்கு மேலே மாஞ்சோலையும் நாலுமுக்கும் 1000 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவைதான். குளிர்ச்சியும் உண்டு. ஆனால் அங்கே கொட்டுகிற மழை பீன்ஸுக்கு ஆகாது. அதைவிட முக்கியமாக, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதி. நமது ஆற்றின் தாய்மடி. காய்கறிக்காக அந்தக் காட்டில் கை வைத்தால் அது தாமிரபரணியின் கழுத்தில் கை வைத்ததாகும். நமக்குப் பீன்ஸ் வெளி மலையிலிருந்து வந்தே தீர வேண்டும்.

மலைக்கும் படிகள் உண்டு

மலை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானல் மலையையே எடுத்துக்கொள்வோம். தாண்டிக்குடி, தடியன்குடிசை, பண்ணைக்காடு போன்றவை கீழ்மலை, நடுமலைப் பகுதிகள். கொடைக்கானல் நகரம் 2100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, பூண்டி போன்ற மேல்மலைக் கிராமங்களில் குளிர் அதிகம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஊட்டி 2240 மீட்டர். ஓசூர், பெங்களூர், கோலார் பக்கம் மலை இல்லை என்றாலும் 800, 900 மீட்டர் உயர மேட்டுநிலம் என்பதால் அங்கிருந்தும் பீன்ஸ் நமக்கு வருகிறது.

மலைப்பகுதிகளில் பீன்ஸ் விதைப்பு பெரும்பாலும் மாசி, பங்குனியில் நடக்கிறது. பூப்பது சித்திரையில். ஆண்டின் உச்ச வெயிலும் அப்போதுதான். மேல்மலையில் பகல் 20 டிகிரியைச் சற்றுத் தாண்டும் சாதாரண ஆண்டில் ஒன்றும் ஆகாது. கீழ்மலையில் அதே நாளில் 28, 30 என்று நிற்கும். அங்கே பூ கொட்டும். ஓசூர், கோலார் பக்கம் அதே மாதத்தில் 34 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அங்கேயும் வரத்து சுருங்கும். ஆக, மூன்று பக்கத்திலிருந்து வந்த சரக்கு ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகச் சுருங்கிப்போகிறது. மேல்மலைக் காயை மட்டும் நம்பி மதுரையும் திருச்சியும் சென்னையும் கேரளமும் ஏலத்தில் நிற்கும்போது, வால்கோடியில் இருக்கிற திருநெல்வேலிக்கு என்ன மிஞ்சும்?

போதாக்குறைக்கு நம் ஊரில் வைகாசி கல்யாண மாதம். மறுவீட்டுச் சொதிக்கு முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பீன்ஸும். அடுத்து ஆனித் தேரோட்டம். சரக்கு இல்லாத நேரத்தில் தேவை மட்டும் கூடுகிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

2024ஆம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. பல பத்தாண்டுகளாகக் காணாத வெயில் என்று பேசப்பட்டது. அடுத்த மே மாதத்தில் சென்னை கோயம்பேட்டில் பீன்ஸ் கிலோ 200 ரூபாய்க்குப் போனது. இரண்டு செய்திகளும் பத்திரிகையில் தனித்தனிப் பக்கத்தில் வந்தன. வியாபாரிகளாகிய நாம் அவற்றைச் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

இருபது நாள் கணக்கு

பீன்ஸில் பூ மலர்ந்து, பறிக்கிற பதத்துக்குக் காய் வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மொட்டிலேயே மகரந்தம் கெடுவதைக் கணக்கில் சேர்த்தால், மலையில் இன்று அடிக்கிற வெயிலின் பாதிப்பு நம் சந்தைக்கு வர இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதாவது இன்று செடியில் தொங்குகிற காய் வெயிலுக்கு முன் பிடித்த காய். அது வந்துகொண்டுதான் இருக்கும். வெயில் அடித்த வாரத்தில் வரத்து குறையாது. அதற்கு அப்புறம்தான் திடீரென்று அறுந்து விழும்.

இதிலே நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தொடர்ந்து ஒரு வாரம் வெப்பம் கூடினால், இருபது நாளில் விலை ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். கல்யாண ஆர்டர் பிடிக்கிற கடைக்காரர் அதற்கேற்ப விலை பேசலாம். இன்றைய விலையில் அடுத்த மாத முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, மலையில் வெயில் என்ற செய்தி வந்த அன்றே இங்கே விலையை ஏற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. நம்மில் சிலர் அப்படி ஏற்றுகிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. அன்று வந்த சரக்கு பழைய விலைக்கு விளைந்த சரக்கு. அதில் வைக்கிற அதிகப்படி ரூபாய் மலை விவசாயிக்கும் போவதில்லை, கடைக்காரருக்கும் நிற்பதில்லை. கெட்ட பெயர் மட்டும் ஊரிலுள்ள எல்லாக் கடைக்கும் போகிறது.

வெயில் தணிந்து கோடை மழை பெய்தால் செடி மறுபடி பூக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குத்துச்செடி பீன்ஸ் சீக்கிரம் காய்த்து, சில பறிப்போடு முடிந்துவிடும் ரகம். அதன் பூவெல்லாம் ஒரே சமயத்தில் வெயிலில் மாட்டினால் அந்தப் போகமே போயிற்று. கொடி பீன்ஸ் அப்படி அல்ல. காய்க்கத் தாமதமாகும், ஆனால் பல வாரங்கள் தொடர்ந்து பூத்துக் காய்க்கும். ஒரு வாரப் பூ போனாலும் அடுத்த வாரப் பூ தப்பிக்கும். ஆகவே எந்த மலையில் எந்த ரகம் நிற்கிறது என்பதைப் பொறுத்து விலை இறங்குகிற நாளும் மாறும்.

குளிரும் ஓர் எதிரிதான். மார்கழி, தையில் மேல்மலையிலும் நீலகிரியிலும் உறைபனி இறங்கினால் பீன்ஸ் இலை கருகி ஒரே இரவில் தோட்டம் கொள்ளையாகப் போகும். அப்போது கீழ்மலைக் காய்தான் கைகொடுக்கும். கோடையில் மேல்மலை, பனியில் கீழ்மலை என்று இரண்டிடத்திலும் தொடர்பு வைத்திருக்கிற வியாபாரி தடுமாறமாட்டார். ஒரே ஊர் ஏலத்தை நம்பியிருப்பவர் ஆண்டுக்கு இரண்டு முறை கையைப் பிசைவார்.

ரகத்தின் பெயரைக் கேட்போம்

ஏற்காடு, கொடைக்கானல், தடியன்குடிசை, ஊட்டி ஆகிய நான்கு இடங்களிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ஏற்காடு 1, கொடைக்கானல் 1, தடியன்குடிசை 1 என்று அந்தந்த உயரத்தில் தேர்ந்தெடுத்த ரகங்கள் அங்கிருந்து வந்தவை. பெங்களூர் ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா கோமல் குத்துச்செடி ரகம். வேறு வேறு உயரத்துக்கு வேறு வேறு ரகம் தேவை என்பதால்தான் இத்தனை நிலையங்கள்.

நம் மண்டியிலோ இவை எல்லாம் "பீன்ஸ்" என்ற ஒரே பெயரில் ஒரே குவியலில் விழுகின்றன. மிஞ்சிப்போனால் முருங்கை பீன்ஸ், பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் என்று பிரிக்கிறோம். நார் இல்லாத இளங்காய், நீண்ட நாள் தாங்கும் காய், முற்றினால் பருப்பாகும் காய் என்ற வித்தியாசம் தராசில் தெரிவதில்லை. விவசாயிக்கும் எடை தவிர வேறு எதற்கும் விலை இல்லை என்றால், சுவையான, வெயில் தாங்கும் ரகத்தை அவர் ஏன் தேடிப்போவார்? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிற வாடிக்கையாளர் உண்டு. பீன்ஸுக்கும் ஊர்ப்பெயரும் ரகப்பெயரும் சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்?

உலக அளவிலும் இந்த வேலை நடக்கிறது. கொலம்பியா நாட்டின் காலி நகரத்துக்கு அருகே ஒரு சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கே பீன்ஸ் இனத்தில் மட்டும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோவின் பாலைநிலத்தில் விளைகிற டெப்பரி என்ற பயறோடு சாதாரண பீன்ஸைக் கலந்து, வெப்பம் தாங்கும் 30 ரகங்களைக் கண்டிருப்பதாக 2015ல் அறிவித்தார்கள். இரவு வெப்பம் 3, 4 டிகிரி கூடினாலும் இவை காய்க்கும் என்பது செய்தி. அந்த முயற்சிகளின் பலன் நம் மலைகளுக்கும் வர வேண்டும். அதுவரைக்கும் மேலே மேலே ஏறிக்கொண்டே போகலாம் என்று இருக்க முடியாது. ஒரு டிகிரி கூடினால் விவசாயி 150 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டு. அங்கே சோலைக்காடும் உண்டு.

மளிகைக் கடைக்கும் இதே பாடம்

காய்கறிக் கடைக்காரர் பாடு இது, மளிகைக் கடைக்கு என்ன சம்பந்தம் என்று எண்ணிவிட வேண்டாம். ராஜ்மா என்று நாம் மூடையில் விற்பது இதே பீன்ஸின் முற்றிய விதைதான். ஜம்மு பகுதியின் பதர்வா ராஜ்மா, உத்தராகண்ட் முன்சியாரி ராஜ்மா என்று இமயமலைச் சரிவில் விளைபவைக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. உத்தரப் பிரதேசம், பீகார் சமவெளியில் இதே ராஜ்மாவை ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, குளிர்காலத்திலேயே பூக்க விடுகிறார்கள். மலை இல்லாத ஊரில் மாதத்தைக் கொண்டு குளிரைப் பிடிக்கிறார்கள்.

ராஜ்மாவும், காய்ந்த டபுள் பீன்ஸும், மொச்சையும் நம் ஊருக்கு வந்த பிறகும் வெயில் அவற்றை விடுவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே 35, 40 டிகிரி சூட்டிலும் ஈரக் காற்றிலும் மாதக்கணக்கில் மூடை கிடந்தால், பயறு ஊறும், ஆனால் வேகாது. விதைக்குள் உள்ள அணுச்சுவர்கள் சூட்டில் இறுகிப்போவதுதான் காரணம். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே நிற்கும். வாடிக்கையாளர் மட்ட ரகம் என்று நம்மைத் திட்டுவார். உண்மையில் அது நல்ல ரகமாகவே வந்திருக்கும், கெட்டது நமது கிட்டங்கியில். வண்டும் அப்படித்தான். 30 டிகிரிச் சூட்டில் தட்டைப்பயறு வண்டு ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை பெருகிவிடும். கோடைக்கு முன்னே வாங்குகிற சரக்கைக் குறைத்து, அடிக்கடி வாங்குவதும், மூடைக்குக் கீழே மரச்சட்டம் போடுவதும், முதலில் வந்ததை முதலில் தள்ளுவதும் செலவில்லாத வைத்தியம்.

பச்சைப் பீன்ஸுக்கு நேர்மாறான எச்சரிக்கை. 5 முதல் 7 டிகிரிக் குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். அதற்கும் கீழே குளிர்வித்தால், வெளியே எடுத்ததும் துருப்பிடித்தது போல் புள்ளி விழும். குளிர்பெட்டி இருக்கிறது என்று அடிமட்டத்தில் திருகி வைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பங்குனி முதல் ஆனி வரை கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு ஆகிய ஊர்களின் பகல், இரவு வெப்பத்தை நம் சங்கக் கரும்பலகையில் தினமும் எழுதி வைக்க வேண்டும். வானிலை நிலையம் நாள்தோறும் வெளியிடுகிற விவரம்தான். ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவதாக, மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் ஏலக்கடையில் வாங்குவதோடு நில்லாமல், மேல்மலையிலும் கீழ்மலையிலும் விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். பூ கொட்டிய ஆண்டில் குறைந்த காய்க்கு நியாயமான விலை கொடுத்தால்தான் அவர் அடுத்த போகமும் பீன்ஸ் விதைப்பார். விதைக்கூலியும் கொடிக்கம்புச் செலவும் கையைக் கடித்தால் தோட்டத்தை விடுதிக்காரருக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார். விற்ற தோட்டம் திரும்ப வராது.

மூன்றாவதாக, கடைக்காரர்கள் விலைப்பலகையில் பீன்ஸ் என்று மட்டும் எழுதாமல், எந்த மலை, எந்த ரகம் என்று தெரிந்தவரை எழுத வேண்டும்.

நான்காவதாக, பீன்ஸ் விலை ஏறும் நாளில் நாட்டுக்காயை முன்னால் எடுத்து வைக்க வேண்டும். சீனியவரையும் தட்டைப்பயற்றுக் காயும் வெயிலுக்குப் பயப்படாதவை. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் பறித்து, காலையிலேயே வந்து சேரும். பொரியலுக்கு இதுவே போதும், சொதிக்கு மட்டும் பீன்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுகிற கடைக்காரரை அவர்கள் மறக்கமாட்டார்கள். அன்றைக்குப் பீன்ஸ் விற்பனை கொஞ்சம் குறையலாம். ஆனால் நம்பிக்கை வளரும். பெரிய பெரிய கம்பெனிக் கடைகளும், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரமும் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், நம் கையில் மிச்சமிருக்கிற முதல் அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

வெயிலை நிறுத்த நம்மால் ஆகாது. அது எப்போது வரும், வந்தால் எத்தனை நாளில் நம் கடைவாசலைத் தொடும் என்று தெரிந்துகொள்ள நம்மால் ஆகும். வரும் சித்திரையில் "ஏன் இந்த விலை?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, "வரத்து இல்லை" என்பதோடு நிறுத்தாமல், மலையில் பூ கொட்டிய கதையைச் சொல்வோம். எத்தனை நாளில் விலை இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். காரணம் தெரிந்து விற்கிற வியாபாரியைப் பதுக்கல்காரர் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.